ஆர்மா கோப்பை ஜெயித்த 2024 சீசன்: உங்களால் மறக்க முடியாத ஒரு நிமிடம் எது?

ஆப்பிள்தோட்டம்:

யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருக்கிறது, அதனால்தான் இந்தத் திரி.

நான் வட அயர்லாந்தில், ஆர்மா கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். ஜூலை 28, அயர்லாந்து முழுவதுக்குமான கேலிக் கால்பந்து ஃபைனல், ஆர்மாவும் கால்வே கவுண்டியும் மோதிய அன்றைக்குப் பகல் ஷிஃப்ட். எங்களிடம் 88 வயதுத் தாத்தா ஒருவர் இருந்தார். பார்வை அநேகமாகப் போய்விட்டது, ஒரு காதுதான் கேட்கும். டிவியில் வர்ணனை வேகமெடுத்தால் அவருக்குப் பிடிபடாது. "நீ பக்கத்தில் உட்கார்ந்து கொடியை மட்டும் சொல்லு, போதும்" என்றார். வெள்ளைக் கோட்டு போட்ட அம்பயர் வெள்ளைக் கொடி தூக்கினால் ஒரு பாயின்ட், பச்சை தூக்கினால் கோல், அதாவது மூன்று பாயின்ட். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வெள்ளை, நமக்கு." "வெள்ளை, கால்வேக்கு." இப்படியே முதல் பாதி போயிற்று. ஆறுக்கு ஆறு.

அவர் 1953 ஃபைனலுக்குப் போனவர், பதினேழு வயதில். அன்றைக்கு ஆர்மா ஒரு பெனால்ட்டியைத் தவறவிட்டுக் கெரி கவுண்டியிடம் தோற்றது. 1977 ஃபைனலுக்கும் குரோக் பார்க் ஸ்டேடியத்தில் இருந்திருக்கிறார், டப்ளின் ஐந்து கோல் போட்ட மேட்ச். 2002இல் முதல்முறை கோப்பை வந்தபோது மட்டும் டிக்கெட் கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்து பார்த்தாராம். தோற்ற இரண்டையும் நேரில் பார்த்தேன், ஜெயித்ததைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை என்று அடிக்கடி சொல்வார்.

இரண்டாம் பாதியில் ஸ்டெஃபான் கேம்பெல் கொடுத்த பந்தை ஆரன் மெக்கே உள்ளே தள்ளியதும் "பச்சை! நமக்கு!" என்று கத்திவிட்டேன். "யார் போட்டது?" "மெக்கே." "அவன் நம் கோலைக் காக்கிற ஃபுல்-பேக் ஆயிற்றே, அங்கே எப்படிப் போனான்?" என்று கேட்டவர் முகம் அப்படியே மலர்ந்தது. அந்த முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

உறுத்துவது அதற்கப்புறம் நடந்ததுதான். இஞ்சுரி டைம், கடைசி நிமிடங்கள் ஓடுகின்றன. ஒரே பாயின்ட் வித்தியாசம். அவருடைய பிடி நடுங்க ஆரம்பித்தது. உதடு வெளுத்துவிட்டது, மூச்சு மேலுக்கு வாங்குகிறது. "முடிந்ததா?" என்றார். நான் "முடிந்தது, ஜெயித்துவிட்டோம்" என்று சொல்லிவிட்டேன். முடியவில்லை. பந்து கால்வேக்காரர்களிடம் இருந்தது.

அவர் மெல்லக் கையை விட்டு மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். நான் உள்ளங்கையில் நகம் பதிய டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்களுக்கு ஒரு வெள்ளைக் கொடி எழுந்திருந்தால் சமம். அவரிடம் என்ன சொல்லியிருப்பேன்? நல்லவேளை, ஜெயித்துவிட்டது. நவம்பரில் அவர் போய்ச் சேர்ந்தார். நான் சொன்னது பொய் என்று கடைசிவரை அவரிடம் சொல்லவே இல்லை.

உங்களுக்கும் அந்த சீசனில் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

---

நியூரி_பஸ்:

அக்கா, உங்கள் இடத்தில் நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

என்னுடையது குளோன்ஸ் ஊர் மைதானம். மே 12, அல்ஸ்டர் (வடக்கு மாகாண) ஃபைனல், டொனகால் கவுண்டியோடு. வேலையிடத்து நண்பர்களோடு போனேன். இருபதுக்கு இருபது, எக்ஸ்ட்ரா டைமும் போய் மறுபடி பெனால்ட்டி ஷூட்-அவுட். அந்த 'மறுபடி' ஆர்மாக்காரர்களுக்கு எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். 2022இல் கால்வேயிடம் பெனால்ட்டி. 2023 மே மாதம் இதே குளோன்ஸில் டெரியிடம் பெனால்ட்டி, அதே வருஷம் குவார்ட்டர் ஃபைனலில் மொனஹனிடம் பெனால்ட்டி. எல்லாம் தோல்வி. இது நாலாவது. 6-5.

எனக்கு முன்னால் ஒரு எட்டு வயதுப் பையன், அப்பாவோடு. ஆரஞ்சுக் கொடி அவனைவிட உயரம். எல்லாம் முடிந்ததும் அழுவான் என்று நினைத்தேன், அழவில்லை. அவன் அப்பா கொடியை வாங்கி, துணியைக் கம்பில் நிதானமாகச் சுற்றினார். சுருக்கம் விழாமல், புடவை மடிக்கிறமாதிரி. பையிலிருந்து ஒரு ரப்பர் பேண்டை எடுத்துப் போட்டார். அந்த ரப்பர் பேண்டை அவர் வீட்டிலிருந்தே எடுத்து வந்திருக்கிறார்! அதாவது கொடியைச் சுற்றிக்கொண்டுதான் திரும்புவோம் என்று தெரிந்தே கிளம்பியிருக்கிறார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஜூலையில் கோப்பை வந்தபோது எனக்கு அந்த ரப்பர் பேண்ட்தான் ஞாபகம் வந்தது.

---

கால்வே_மெரூன்:

முதல் பதிவு போட்ட சகோதரிக்கு: நியூரி தம்பி சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் செய்தது தப்பு என்றுதான் எனக்குப் படுகிறது. கோபமாகச் சொல்லவில்லை. 1953லிருந்து காத்திருந்தவர் அவர். அந்தக் கடைசி நிமிடத்தின் பயமும் அவருக்குச் சேர வேண்டியதுதானே? பயப்படாமல் கிடைக்கும் கோப்பை பாதிக் கோப்பை. நாங்கள் அந்தப் பயத்தை முழுதாக அனுபவித்தோம், கோப்பையும் கிடைக்கவில்லை.

தம்பி, 2022 பெனால்ட்டியை ஏதோ ஆர்மாவுக்கு நடந்த அநியாயம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் கெட்டியாக அடித்தோம், ஜெயித்தோம். அதே வருஷம் ஃபைனலில் கெரியிடம் தோற்றோம். கால்வேயின் கடைசிக் கோப்பை 2001. 2024 ஃபைனலில் ராப் ஃபின்னெர்ட்டி ஆரம்பத்திலேயே காயத்தோடு வெளியேறினார். அவர் இருந்திருந்தால் என்று இங்கே எல்லோரும் இன்னும் பேசுகிறோம். 1-11க்கு 0-13, அதாவது அவர்களுக்கு ஒரு கோலும் பதினொரு பாயின்டும், எங்களுக்குக் கோலே இல்லாமல் பதின்மூன்று பாயின்ட். பந்தைக் கம்பத்துக்கு மேலே அதிகம் அனுப்பியவர்கள் நாங்கள்தான். அந்த ஒரு பச்சைக் கொடிதான் வித்தியாசம்.

என் கதை சின்னது. மகளோடு குரோக் பார்க்கில் இருந்தேன். இங்கே இரண்டு ஊர்க்காரர்களும் கலந்துதான் உட்காருவார்கள், தெரியும்தானே. அவள் மேட்ச் புத்தகத்தில் பென்சிலால் ஒவ்வொரு ஸ்கோரையும் குறித்துக்கொண்டே வந்தாள். ஷேன் வால்ஷ் ஃப்ரீ கிக் ஒன்று வெளியே போனபோது பென்சில் முனை உடைந்தது. பக்கத்து சீட் ஆர்மாக்காரர் சாவிக்கொத்தில் இருந்த சின்னக் கத்தியால் சீவிக் கொடுத்தார். விசில் ஊதியதும் அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். கடைசி ஸ்கோர் எழுத மறுத்துவிட்டாள். அவர் குதிக்கவில்லை. அவளிடம் கேட்டுப் பென்சிலை வாங்கி, தன் ஊர்ப் பக்கம் மட்டும் 1-11 என்று எழுதி, எங்கள் கட்டத்தைத் தொடாமல் திருப்பிக் கொடுத்தார். "உன்னுடையதை நீ எழுது, எப்போது முடிகிறதோ அப்போது" என்றார். அதற்கப்புறம்தான் எழுந்து கத்தினார்.

புத்தகம் அலமாரியில் இருக்கிறது. அந்தக் கட்டம் இன்னும் காலி.

---

லர்கன்_அம்மா:

நான் ஃபைனலுக்கு மறுநாள் திங்கட்கிழமை ஆர்மாவின் அத்லெட்டிக் கிரவுண்ட்ஸ் மைதானத்துக்கு மகனைக் கூட்டிக்கொண்டு போனேன், அணியை வரவேற்க. சரியான கூட்டம். கேப்டன் எய்டன் ஃபோர்க்கர் கோப்பையைத் தூக்கிய நொடியில் நான் குனிந்து மகனுடைய ஒரு கால் ஷூவைத் தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் முடிந்துவிட்டது. இன்றைக்கும் ஆறவில்லை.

இங்கே புதிதாக வந்தவர்கள் படிப்பார்கள் என்பதால் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். ஃபைனல் டிக்கெட்டைக் கடையில் வாங்குகிறமாதிரி ஆன்லைனில் வாங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் கவுண்டி போர்டு வழியாகக் கிளப்புகளுக்குத்தான் போகும். ஊர்க் கிளப்பில் உறுப்பினராகச் சேருங்கள். டீ போடப் போங்கள், கொடி கட்டப் போங்கள், சிறுவர் பயிற்சியில் கூம்பு எடுத்து வைக்கப் போங்கள். முகம் பழகினால்தான் பெயர் பழகும்.

பிள்ளைகளை ஐந்தாறு வயதிலேயே சேருங்கள். "நமக்கு உடம்பு தாங்காது" என்று சொல்லும் பெற்றோர்களை நிறையப் பார்த்துவிட்டேன். சின்ன வயதில் கோப்பைக்காக ஆட விடமாட்டார்கள், எல்லாப் பிள்ளைக்கும் ஆட வாய்ப்பு உண்டு. பல்காப்பு கட்டாயம். மலிவானதை வாங்கிக் காசை வீணாக்காதீர்கள், வெந்நீரில் போட்டுப் பல்லுக்கு ஏற்ற மாதிரிக் கடித்து அச்செடுப்பது நன்றாக இருக்கும். கையுறை அவசியமில்லை, ஆனால் மழையில் உதவும். பந்தோடு நாலு அடிக்கு மேல் ஓடக்கூடாது. தரையில் தட்ட வேண்டும், இல்லை காலால் தட்டிக் கைக்குக் கொண்டுவர வேண்டும். தொடர்ந்து இரண்டு முறை தரையில் தட்டினால் தப்பு. இதை வீட்டு முற்றத்திலேயே பழக்கலாம். என் மகன் சமையலறையில் பழகி இரண்டு தட்டு போயிற்று. அதனால் முற்றத்தில் மட்டும் என்று சொல்லிவையுங்கள்.

முக்கியமாக, கூட்டத்துக்குப் போகும்போது பிள்ளைக்கு வெல்க்ரோ ஷூ போடாதீர்கள். லேஸ். இரட்டை முடிச்சு.

---

கேன்டீன்_நைட்ஷிஃப்ட்:

கால்வே அண்ணா, "பாதிக் கோப்பை" என்று சொன்னது எனக்கு வலித்தது. ஆர்மாவின் பயத்தை அளக்க அந்தக் கடைசி நிமிடம் மட்டுமா இருக்கிறது? கீரன் மெகீனியைப் பாருங்கள். 2002இல் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கியவர். 2015 சீசனிலிருந்து மேனேஜர். வருஷத்துக்கு வருஷம் தோல்வி. 2023 முடிவில் அவர் தொடரலாமா என்று கிளப்புகள் ஓட்டெடுப்பு வரைக்கும் போயின. அதையும் தாண்டி நின்று, பத்தாவது சீசனில் ஜெயித்தார். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளமா கொடுக்கிறார்கள்? வேலைக்குப் போய்விட்டு வந்து சாயங்காலம் பயிற்சி எடுக்கிற பிள்ளைகள். தாத்தா பட வேண்டிய பயமெல்லாம் எழுபது வருஷமாகப் பட்டாயிற்று.

நான் பார்த்தது செமி-ஃபைனல், கெரியோடு, ஜூலை 13 சனிக்கிழமை. தொழிற்சாலைக் கேன்டீனில் ஒரு சின்ன டிவி. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது, யாரும் எழவில்லை. கெரி சில பாயின்ட் முன்னால். அப்போது பாரி மெக்கேம்பிரிட்ஜ் கோல் போட்டார். சூப்பர்வைசர் வாசலில் வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று எல்லோரும் கார்டைத் தேட ஆரம்பித்தோம். அவர் ஒன்றும் பேசாமல் எங்கள் கார்டையெல்லாம் கையில் வாங்கிக்கொண்டு போய், ஒவ்வொன்றாக மெஷினில் பஞ்ச் பண்ணிவிட்டு, திரும்பி வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். எக்ஸ்ட்ரா டைம் முடியும்வரை எழவில்லை. 1-18க்கு 1-16.

அவர் அன்றைக்கு முன்னாலும் எங்களோடு உட்கார்ந்ததில்லை, அதற்கப்புறமும் உட்காரவில்லை. நான் அந்த நாற்காலியைத் தாண்டித்தான் தினமும் டீ எடுக்கப் போகிறேன்.

---

நியூரி_பஸ்:

கால்வே அண்ணா, அநியாயம் என்று நான் எழுதவே இல்லை, மறுபடி படித்துப் பாருங்கள். கட்டத்தை நிரப்பச் சொல்லுங்கள் தங்கச்சியிடம். உங்களுக்கும் வரும்.

---

கால்வே_மெரூன்:

சரி தம்பி, நான்தான் அவசரப்பட்டுவிட்டேன். கேன்டீன் நண்பர் சொன்ன எழுபது வருஷக் கணக்கையும் ஒத்துக்கொள்கிறேன்.

சகோதரியிடம் ஒன்று கேட்க வேண்டும். ராத்திரி முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஒரு காது கேட்கும் என்று எழுதியிருந்தீர்கள். வர்ணனை புரியாவிட்டாலும் எண்பதாயிரம் பேர் கத்துவது கேட்டிருக்குமே. மேட்ச் முடிந்த சத்தமும் முடியாத சத்தமும் வேறு வேறு. இத்தனை ஃபைனல் பார்த்தவருக்கு அது தெரியாமலா இருக்கும்? டிவி அவருக்கு எந்தப் பக்கம் இருந்தது?

---

ஆப்பிள்தோட்டம்:

கேட்கும் காது வலது. டிவியும் வலது பக்கம்தான்.

நான் சத்தத்தைக் குறைக்கவில்லை.