சென்னைக்கும் லிமாவுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? விளக்க உதவி வேண்டும்

வணக்கம். அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக் கண்காட்சிக்கு 'ஊருக்கு ஊர் காலநிலை ஏன் மாறுகிறது' என்ற தலைப்பை எடுத்திருக்கிறாள். சார்ட் எழுதும் வேலை வழக்கம்போல என் தலையில்.

பெங்களூரு பிரச்சினை இல்லை. நம்முடைய அதே 13 டிகிரி அட்சரேகைதான், ஆனால் 900 மீட்டர் உயரம், அதனால் குளிர்ச்சி. சிக்கல் பெரு நாட்டின் லிமாவில்தான். நிலநடுக்கோட்டிலிருந்து நம் அளவு தூரத்தில், தெற்கே 12 டிகிரியில் இருக்கிறது. அதுவும் கடலோர ஊர். நமக்கு வருடத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை, அங்கே பொதுவாக 20 மி.மீ.கூடத் தேறாது! தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் என்ற குளிர்ந்த நீரோட்டம் கரையோரக் காற்றைக் குளிர வைக்கிறது, மேலே வெப்பக் காற்று மூடிபோல் நிற்பதால் மேகம் உயர முடியவில்லை, கிழக்கிலிருந்து வரும் ஈரத்தை ஆண்டிஸ் மலை மறித்துவிடுகிறது. இதுவரை எனக்குப் புரிகிறது.

புரியாதது எல் நினோ. அப்போது பெரு கடல் சூடாகி அங்கே மழை கொட்டுகிறது, சரி. அவ்வளவு தூரத்தில் நடப்பது நம் வடகிழக்குப் பருவமழையை எப்படிப் பாதிக்கிறது? 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அதைக் காரணமாக சார்ட்டில் போடலாமா, அல்லது அது மிகைப்படுத்தலா?

வானிலை படித்தவர்கள், புவியியல் ஆசிரியர்கள் யாராவது சொல்லுங்கள். அப்புறம், நுங்கம்பாக்கம் வானிலை மையத்துக்கு மாணவர்களை அழைத்துப் போக யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? போய் வந்தவர்கள் இருந்தால் கமெண்டில் எழுதுங்கள். கண்காட்சி அடுத்த வெள்ளிக்கிழமை.