புதிதாக வருபவர்களுக்கு நியூஸ் கேமரா, எடிட்டிங் சொல்லிக்கொடுத்த அனுபவங்கள்: மூன்று பேர் பேசுகிறார்கள்

டெல்டா கேமரா:
2018 நவம்பர், கஜா புயல் அடித்து ஓய்ந்த சமயம். பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. பயிற்சிக்கு வந்த தம்பியிடம் கேமராவைக் கொடுத்திருந்தேன். ஃபிரேம், ஃபோகஸ், ஆடியோ எல்லாம் சரியாக வைத்திருந்தான். விவசாயி நிவாரணம் பற்றி பைட் (செய்தியில் போடும் சின்னப் பேட்டி) கொடுத்து முடித்தார், தம்பி ரெக்கார்டை நிறுத்தினான். அப்போதுதான் அவர் சாய்ந்து கிடந்த மரத்தில் கையை வைத்து, "இது எங்கப்பா வச்சது" என்றார். சட்டையில் குத்தும் லேப்பல் மைக் அவர் சட்டையில்தான் இருந்தது, பதிவாகவில்லை. "மறுபடி சொல்லச் சொல்லவா அண்ணே?" என்றான். கூடாது என்றேன். துக்கத்தைத் திரும்ப நடித்துக் காட்டச் சொன்னால் அது செய்தியே இல்லை. ஆனாலும் அந்தக் கை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

எடிட் டேபிள்:
இதையெல்லாம் ஸ்பாட்டில் சொன்னால் மண்டையில் ஏறாது. முதலில் எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருள் முன்னால் உட்கார வையுங்கள். ஒரு பெண் சாலை மறியலை எடுத்து வந்தாள். நீயே வெட்டு என்று விட்டுவிட்டேன். முழுக்க பேன் (கேமராவைப் பக்கவாட்டில் திருப்புவது), ஜூம். ஐந்து நொடி ஆடாமல் நின்ற ஷாட் ஒன்றுகூட இல்லை. பைட்டின் நடுவில் ஒரு வாக்கியத்தை எடுத்தால் பேசுபவரின் தலை குதிக்கிறது, மூடுவதற்கு கட்அவே, அதாவது நடுவில் செருகும் வேறு காட்சி இல்லை. ரொம்ப நேரம் தேடிவிட்டு, "சார், கேட்டுட்டு இருந்தவங்க முகத்தை நான் எடுக்கவே இல்லையே" என்றாள். அப்புறம் அவளுக்கு நான் பாடம் நடத்தத் தேவை இருக்கவில்லை.

பீட்டாகேம் காலத்து ஆள்:
எடிட்டர் தம்பி சொல்வதை ஏற்கமாட்டேன். எடிட்டில் தொடங்குகிறவர்கள் "அப்புறம் சரிசெய்துக்கலாம்" என்றே எடுக்கிறார்கள். என்னிடம் வந்த ஒருவர் ஹெட்போன் மாட்டாமல் ஒரு அதிகாரியின் பேட்டியை எடுத்தார். பைட் முழுக்க மின்விசிறிச் சத்தம், எந்த ஃபில்டரும் காப்பாற்றவில்லை.

டெல்டா தம்பி, பைட் முடிந்ததும் நிறுத்துவது கேசட் காலத்துப் பழக்கம். கேமராவில் போடும் பீட்டாகேம் என்ற வீடியோ டேப் 30 நிமிடம்தான் ஓடும், அதனால் சிக்கனம் பார்த்தோம். மெமரி கார்டில் எடுக்கிறவர்களுக்கும் அதையே சொல்லிக்கொடுப்பது அநியாயம். பேசியவர் எழுந்து போகும்வரை ஓடட்டும். மைக்கைக் கழற்றுவதும் கேமராமேன் வேலை, அதுவரை கேமரா நிற்கக் கூடாது.

கற்றுக்கொடுப்பவர்கள் இதையும் கவனியுங்கள். முதல் வாரம் டிரைபாடை விட்டுக் கேமராவை எடுக்க விடாதீர்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் மனதுக்குள் பத்து எண்ணச் சொல்லுங்கள். வெளியிலிருந்து அறைக்குள் போனால் ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்வது) மறுபடி வைக்க வேண்டும். டியூப்லைட் வெளிச்சத்தில் ஷட்டர் வேகம் 1/50 நொடி, நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், 1/60 வைத்தால் படத்தில் பட்டை ஓடும். மொபைலில் எடுப்பவர்கள் நொடிக்கு 25 ஃபிரேமுக்கு மாற்றிக்கொள்ளட்டும். பைட் கொடுப்பவரின் பெயர், ஊர், பொறுப்பு மூன்றையும் அவர் வாயாலேயே ரெக்கார்டில் சொல்ல வையுங்கள். செய்தி டெஸ்க்கில் இருப்பவர் பெயரைத் தப்பாக அடித்தால் மறுநாள் போன் வருவது நமக்குத்தான்.