மறு: மறு: ‘பூட்’ – தமிழில் ஒரே சொல் போதுமா?

நண்பர்களே, வணக்கம்.

கணினி இயங்கத் தயாராவதைக் குறிக்கும் ‘பூட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடும் இந்த மடல் இழை நீண்டுகொண்டே போகிறது. ‘துவக்கம்’, ‘தொடக்கம்’, ‘உயிர்ப்பு’, ‘விழிப்பு’ என்று பட்டியலும் வளர்ந்துவிட்டது. மேசைக் கணினிப் பழுதுபார்ப்புக் கையேட்டில் ‘கணினி பூட் ஆகாவிட்டால்’ என்ற இயலை எழுத வேண்டியவன் நான் என்பதால் எனக்குக் கொஞ்சம் அவசரம். அதனால் இந்த மடல் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> பூட் என்பதற்கு ஒரு நேர்ச்சொல் எடுத்துக் கையேடு முழுக்க அதையே போட்டுவிட்டால் வேலை முடிந்ததே, ஏன் இவ்வளவு குழப்பம்?

முடியாது ஐயா. பழுதுபார்க்கும் கடையில் அரை மணி நேரம் நின்றால் தெரிந்துவிடும். கொண்டுவருகிறவர் எல்லாவற்றுக்கும் ‘சிஸ்டம் ஆன் ஆகல’ என்றுதான் சொல்வார். சர்வீஸ் பார்க்கும் தம்பி அதை அப்படியே எழுதிக்கொள்வதில்லை. மின்கம்பியைச் செருகி ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுச் சீட்டில் மூன்றில் ஒன்றை எழுதுவார்: ‘பவர் வரல’, ‘டிஸ்பிளே வரல’, ‘விண்டோஸ் உள்ள போகல’. மூன்றும் மூன்று வேறு பழுது. கையில் எடுக்கும் கருவியும் வேறு, ஆகும் செலவும் வேறு. நாம் மூன்றுக்கும் சேர்த்து ‘கணினி துவங்கவில்லை’ என்று எழுதினால், கடைக்காரர் பிரித்து வைத்ததை நாம் மறுபடி கலக்கியதாகிவிடும்.

முதல் வகையைப் பாருங்கள். சுவரில் சுவிட்சைப் போட்டதும் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டி) முழுதாக வேலை செய்யாது. ஊதா வயரில் மட்டும் 5 வோல்ட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும். முகப்புப் பொத்தானை அழுத்தும்போது மதர்போர்டு பச்சை வயரைக் கிரவுண்டோடு இணைக்கிறது. அதன் பிறகுதான் மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட் வருகின்றன. அதனால்தான் ஒன்றுமே அசையாத கணினியில் 24 ஊசி கனெக்டரைக் கழற்றி, பச்சைக்கும் பக்கத்துக் கறுப்புக்கும் இடையே வளைத்த கம்பித் துண்டைச் செருகிப் பார்க்கிறார்கள். விசிறி சுற்றினால் எஸ்எம்பிஎஸ்ஸில் உயிர் இருக்கிறது. பொத்தானையோ மதர்போர்டையோ சந்தேகிக்கலாம். சுற்றினால் மட்டும் போதாது, மீட்டர் வைத்து மஞ்சளில் 11.4க்கும் 12.6க்கும் இடையில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். (எஸ்எம்பிஎஸ் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி எந்த வரியும் கையேட்டில் வரக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும்.)

இதுவரை ஒரு வரி நிரல்கூட ஓடவில்லை. எனவே இங்கே ‘பூட்’ என்ற பேச்சே இல்லை. ‘மின்சாரம் வரவில்லை’ என்று எழுதினால் போதும், கலைச்சொல் எதுவும் தேவையில்லை.

இரண்டாம் வகையில்தான் சொல்லுக்கு வேலை வருகிறது. விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை கறுப்பாகவே இருக்கும். இப்போது மதர்போர்டில் உள்ள நிலைபொருள் (போர்டிலேயே பதிந்திருக்கும் நிரல், ஃபர்ம்வேர்) இயங்கி, செயலி, ரேம், திரை அட்டை எல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா என்று தானே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் ‘போஸ்ட்’ என்பது இதைத்தான். குழுவில் வந்த ‘மின்னியக்கத் தன்னறி சோதனை’ பொருளில் சரி, ஆனால் அதை வாயால் சொல்லி முடிப்பதற்குள் கணினி தானே சரியாகிவிடும். தற்காப்பு, தற்சார்பு வரிசையில் ‘தற்சோதனை’ போதும். ‘தற்சோதனையில் நிற்கிறது’, ‘தற்சோதனை முடிந்தது’ என்று இயல்பாகவும் நீள்கிறது.

இந்த இடத்தில் பீப் சத்தம் பற்றி ஒரு பத்தி வரும். பயாஸ் என்பது மேலே சொன்ன நிலைபொருள்தான்; ஏஎம்ஐ, அவார்டு இரண்டும் அதைச் செய்த நிறுவனங்கள். பழைய ஏஎம்ஐ பயாஸில் மூன்று குறும்பீப் என்றால் ரேம். அவார்டு பயாஸில் ஒரு நெடும்பீப்பும் இரண்டு குறும்பீப்பும் சேர்ந்து வந்தால் திரை அட்டை. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும் என்பதால் பொது அட்டவணை என்று ஒன்றைப் போட்டால் தப்பாகிவிடும். புதிய போர்டுகள் பலவற்றில் பீப் எழுப்பும் குட்டி ஸ்பீக்கரே வருவதில்லை. அதற்குப் பதில் ஓரத்தில் நான்கு சிறு விளக்குகள்: செயலி, ரேம், திரை அட்டை, பூட். எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அங்கே சிக்கல். நான்காவது விளக்கின் பெயரைக் கவனியுங்கள். போர்டு செய்கிறவர்களே முதல் மூன்றையும் பூட் என்று சொல்லவில்லை. நம் சொல்லும் அந்த நான்காவது விளக்குக்குப் பொருந்த வேண்டும்.

டிஸ்பிளே வராத கணினிக்கு நம்மூரில் முதல் வைத்தியம் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ரேமின் இரு ஓரக் கிளிப்பையும் நெட்டித் தள்ளி எடுத்து, பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, இரண்டு முனையிலும் கிளிப் ‘டக்’ என்று தானே மூடும்வரை அழுத்தி மாட்டுவது. எந்தக் கையேட்டிலும் முதல் பக்கத்தில் இது இருக்காது. நம்முடையதில் இருக்கும்.

சரி, மூன்றாம் வகை. தற்சோதனை முடிந்து, நிலைபொருள் வட்டைத் தேடிப்போய், அங்கிருந்து ஒரு சிறு நிரலை எடுத்து ஓட்ட, அது இயங்குதளத்தின் கருனியை (மையப் பகுதி, கெர்னல்) ரேமில் ஏற்றுகிறது. இது மட்டும்தான் பூட். ‘ரீபூட் அண்டு செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்’, ‘பூட்எம்ஜிஆர் ஈஸ் மிஸ்ஸிங்’, ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்று திரையில் எழுத்து வருவதெல்லாம் இந்தக் கட்டத்தில்தான். எழுத்து வருகிறது என்றாலே திரையும் ரேமும் நலம் என்று அர்த்தம். எழுத்தைப் பார்த்த பிறகும் ரேமைக் கழற்றித் தேய்ப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி சொல்லுக்கு வருவோம்.

‘பூட்’ என்றே ஒலிபெயர்த்து வைத்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். எனக்கு ஒலிபெயர்ப்பின் மேல் பகை இல்லை. ரேம், மதர்போர்டு எல்லாவற்றையும் அப்படியேதான் எழுதுகிறேன். ஆனால் வேற்றுமை உருபு சேர்த்துப் பாருங்கள்: ‘பூட்டில் சிக்கல்’, ‘பூட்டைச் சரிபார்க்கவும்’. படிக்கிறவர் கொல்லரைக் கூப்பிடுவார்.

குழுவில் வந்த ‘வாரிழுப்பு’, ‘தன்தூக்கி’ இரண்டும் பூட்ஸ்ட்ராப்பை (காலணியின் வார்) பிடித்துக்கொண்டு வந்தவை. நிரலை ஏற்ற ஒரு நிரல் வேண்டும், அந்த நிரலை எது ஏற்றும் என்ற முடிச்சுக்கு 1950களில் வைத்த வேடிக்கைப் பெயர் அது. 1975இல் வந்த ஆல்டேர் 8800 என்ற கணினியில் அந்த முதல் நிரலை மனிதரே முகப்பிலுள்ள சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி உள்ளே ஏற்ற வேண்டியிருந்தது. வரலாறு சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் காலணியின் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்குவது என்ற சொல்வழக்கு நம்மிடம் இல்லை. ஐபிஎம் பெருங்கணினிக்காரர்களே பூட் என்று சொல்லாமல் ‘ஐபிஎல்’, அதாவது முதல் நிரல் ஏற்றம் என்றுதான் சொல்கிறார்கள். ஆங்கிலத்திலேயே கட்டாயமில்லாத உருவகத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

‘விழிப்பு’ அழகான சொல்தான். ஆனால் கணினி உறக்கநிலையிலிருந்து மீள்வதற்கு அது வேண்டும். உறங்கிய கணினி விழிக்காமல் போவது தனிப் பழுது, அதற்கும் ஓர் இயல் இருக்கிறது.

‘துவக்கம்’ பற்றி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மடலை எல்லோரும் சிரித்துவிட்டுக் கடந்துவிட்டீர்கள்:

> எங்கட பக்கத்தில துவக்கு எண்டால் சுடுற துவக்குத்தான். ‘துவக்குச் சாதனம் கிடைக்கவில்லை’ எண்டு திரையில வந்தால் ஆக்கள் என்ன நினைப்பினம்?

இது சிரிப்பு இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் முப்பது ஆண்டுப் போரைக் கண்ட மக்களின் கணினித் திரையில் அந்தச் சொல்லைப் போட நாம் கூச வேண்டும். தமிழ் இடைமுகங்களில் ஏற்கெனவே புழங்குகிறது என்பது உண்மைதான், மாற்ற முடியாத அளவுக்கு ஒன்றும் வேரூன்றிவிடவில்லை.

மிச்சம் இருப்பது ‘தொடக்கம்’. குறை சொல்ல முடியாத சொல், அதுவே அதன் குறை. மென்பொருளும் தொடங்குகிறது, பதிவிறக்கமும் தொடங்குகிறது, மறுதொடக்கம் என்பதும் ‘ரீஸ்டார்ட்’டுக்குப் போய்விட்டது. அப்புறம் பிறவினைச் சிக்கல். கணினி தானே பூட் ஆவதும், ஒரு நிரல் அதைப் பூட் செய்வதும் வேறு வேறு. பூட்லோடரை, அதாவது வட்டிலிருந்து வரும் அந்தச் சிறு நிரலை, ‘தொடங்கி’ என்று எழுதினால் வினையெச்சம் மாதிரி வாக்கியத்துக்குள் கரைந்துவிடுகிறது: ‘தொடங்கி பழுதானது’ என்பதை எப்படிப் படிப்பீர்கள்?

என் முன்மொழிவு: கிளம்பு, கிளப்பு.

வண்டி உதைத்தும் எடுக்காவிட்டால் ‘கிளம்ப மாட்டேங்குது’ என்கிறோம். கணினிக்கும் அதே பேச்சு பொருந்துகிறது. தன்வினை, பிறவினை இரண்டும் இயல்பாகவே இருக்கின்றன: கணினி கிளம்புகிறது, நிரல் அதைக் கிளப்புகிறது. அதிலிருந்து கிளப்பு வட்டு, கிளப்பு வரிசை, இரட்டைக் கிளப்பு. பூட்லோடருக்குக் ‘கிளப்பி’ என்று போட்டால் அதுவும் வினையெச்சத்தில் முட்டும், ஆகவே ‘கிளப்பு நிரல்’ என்கிறேன். ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்பதற்கு ‘கிளப்பு வட்டு எதுவும் இல்லை’. பத்தாம் வகுப்பு மாணவருக்கும் புரியும்.

> புரளி கிளப்புவது, பீதி கிளப்புவது... கொச்சையாக இல்லையா?

அக்கா, புழுதியையும் கிளப்புகிறோம். கிளம்பு என்பது பேச்சில் மட்டும் கிடப்பதில்லை, செய்தித்தாளிலும் கதையிலும் தினம் வருகிறது. ‘ஏவு’ என்ற சொல் பேய்க்கும் ஏவுகணைக்கும் பொதுவாக இருந்துகொண்டு இரண்டிலும் ஒழுங்காக வேலை செய்யவில்லையா?

எனக்குள்ள உண்மையான தயக்கம் வேறு. ‘கிளம்பிவிட்டது’ என்றால் ‘புறப்பட்டுப் போய்விட்டது’ என்றும் பொருள். திரையில் கணினியை எழுவாயாகப் போட்டு எழுதும்போது இது இடிக்கலாம். பழுதுபார்ப்பில் பெரும்பாலும் ‘கிளம்பவில்லை’ என்ற எதிர்மறைதான் வரும் என்பதால் கையேட்டுக்குக் கவலையில்லை.

சொற்கள் தாங்குகின்றனவா என்று அண்மையில் சரிபார்த்த கணினி ஒன்றின் குறிப்பை அப்படியே எழுதிப் பார்த்தேன்:

‘மின்சாரம் வருகிறது. தற்சோதனையில் நிற்கிறது, மூன்று குறும்பீப். ரேமைத் தேய்த்து மாட்டியதும் தற்சோதனை முடிந்தது. அடுத்து, கிளப்பு வட்டு இல்லை என்கிறது. பயாஸில் தேதி பல ஆண்டு பின்னால் இருக்கிறது: சிஆர்2032 பேட்டரி தீர்ந்து அமைப்புகள் அழிந்திருக்கின்றன. கிளப்பு முறை யுஇஎஃப்ஐ (புதிய நிலைபொருள் முறை) ஆகிவிட்டது. வட்டில் இருப்பது பழைய எம்பிஆர் (வட்டின் தொடக்கத்திலேயே கிளப்பு நிரலை வைக்கும் முறை). பேட்டரி மாற்றி, கிளப்பு முறையைப் பழையபடி வைத்ததும் கிளம்பியது.’

இதில் ‘துவங்கவில்லை’ என்ற ஒரே சொல்லைப் போட்டு எழுதிப் பாருங்கள். ரேம் சரியானதும் ஏன் இன்னும் துவங்கவில்லை என்று வாசகர் குழம்பி, வட்டை ஃபார்மட் அடிக்கப் போய்விடுவார். கோப்பெல்லாம் காலி.

‘பூட் செக்டர்’ பற்றிக் கேட்டவருக்கு: எம்பிஆர் வட்டில் முதல் 512 பைட்டில் 446 பைட் நிரல், 64 பைட் பகிர்வு (பார்ட்டிஷன்) அட்டவணை, கடைசி இரண்டும் 55 ஏஏ என்ற அடையாளம். அதைக் ‘கிளப்புப் பிரிவு’ எனலாம். யுஇஎஃப்ஐயில் அந்த இடத்தை நம்புவதே இல்லை. எஃப்ஏடி32 பகிர்வில் சாதாரணக் கோப்பாகக் கிளப்பு நிரல் கிடக்கிறது. அதனால் கையேட்டில் இடத்தின் பெயரை ஒரு பத்தியோடு விட்டுவிட்டு, வினையின் பெயரையே முன்னால் வைத்திருக்கிறேன்.

‘செக்யூர் பூட்’டுக்கு மட்டும் எதுவும் அமையவில்லை. ‘பாதுகாப்பான கிளப்பல்’ என்றால் கணினிக்கு ஆபத்து நீங்கியதுபோல ஒலிக்கிறது. உண்மையில் நடப்பது, கிளப்பு நிரலில் உள்ள கையொப்பத்தைப் பார்த்துவிட்டு அனுமதிப்பது. ‘ஒப்பமிட்ட கிளப்பல்’ என்று தற்காலிகமாகப் போட்டு வைக்கிறேன். இயலைத் தட்டச்சுக்கு அனுப்பும் முன் வேறு நல்லது தோன்றினால் இதே இழையில் எழுதுங்கள், தனிமடல் வேண்டாம்.

அன்புடன்,
கையேட்டுக்காரன்