ஒரே வசனம், காலையில் ‘படைத்தார்’, மாலையில் ‘கொண்டிருந்தார்’: நீதிமொழிகள் 8 பற்றிய அனுபவங்கள்

தொடக்கப் பதிவு

நான் சீர்திருத்தச் சபையில் வளர்ந்தவன். மனைவி கத்தோலிக்கர். ஒரு திரித்துவ ஞாயிறன்று காலையில் திருப்பலிக்கும் மாலையில் என் சபை ஆராதனைக்கும் சேர்ந்தே போனோம். இரண்டு இடத்திலும் நீதிமொழிகள் 8 வாசித்தார்கள். மூன்றாண்டு வாசக அட்டவணையில் இரு தரப்புக்கும் அந்த ஞாயிறு இதே பகுதிதான் என்பது பிறகுதான் தெரிந்தது.

22ஆம் வசனத்தில் ஞானம் தன்னைப் பற்றிப் பேசுகிறது. காலையில் ஆண்டவர் என்னைப் ‘படைத்தார்’ என்று கேட்டேன். மாலையில் எங்கள் பழைய வேதாகமத்தில் ‘தமது வழியின் ஆதியாகக் கொண்டிருந்தார்’. இந்த ஞானம் கிறிஸ்துவே என்றுதான் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். 1 கொரிந்தியர் 1:24 அதற்கு ஆதாரம். அப்படியானால் ‘படைத்தார்’ என்பது பெரிய தவறு அல்லவா?

எங்கள் போதகரிடம் கேட்டேன். அவர் ஆதியாகமம் 4:1ஐத் திறந்தார். காயீனைப் பெற்றபோது ஏவாள் சொல்லும் ‘பெற்றேன்’, நீதிமொழிகள் 4ஆம் அதிகாரத்தின் ‘ஞானத்தைச் சம்பாதி’, இந்த 22ஆம் வசனம், மூன்றிலும் எபிரெயத்தில் ஒரே வினைச்சொல்லாம். பெறுவது, சம்பாதிப்பது, உடைமையாக வைத்திருப்பது எல்லாம் அதில் அடங்கும். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு ‘படைத்தார்’ என்றது. ஜெரோம் லத்தீனில் ‘உடைமையாகக் கொண்டிருந்தார்’ என்றார்.

அந்தக் கிரேக்கச் சொல்லை வைத்துத்தான், குமாரனாகிய கிறிஸ்து படைக்கப்பட்டவர் என்று ஆரியுஸ் என்ற குருவின் தரப்பு வாதாடியது. 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் ‘ஜெநிப்பிக்கப்பட்டவர், உண்டாக்கப்பட்டவரல்ல’ என்று அறிக்கையிட்டது. என்னை அசைத்தது, ஆரியுஸ் தரப்பை எதிர்த்த ஆயர் அத்தனாசியுஸின் பதில். அவர் அந்தச் சொல்லைத் தூக்கி எறியவில்லை. ‘படைத்தார்’ என்பது குமாரன் நமக்காக மனித உடலெடுத்ததைக் குறிக்கிறது. அடுத்து வரும் ‘ஜநிப்பிக்கப்பட்டேன்’ என்பதுதான் அவருடைய நித்தியத்தைச் சொல்கிறது என்றார். கடினமான சொல்லை எடுத்துவிடாமல், அது எதைப் பற்றியது என்று கேட்டிருக்கிறார். அன்று முதல் இந்த அதிகாரத்தை நிதானமாக வாசிக்கிறேன். உங்கள் சபைகளில் இதை எப்படிக் கேட்டிருக்கிறீர்கள்?

மறுமொழி 1

சகோதரரே, எனக்கு இந்த வசனம் மாதாவோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். என் அம்மாவின் பழைய பூசைப் புத்தகத்தில் டிசம்பர் 8, மாதா பாவமின்றிக் கருவானதைக் கொண்டாடும் அமல உற்பவத் திருநாளுக்கு வாசகமே இதுதான். மாதா பிரார்த்தனையிலும் ‘ஞானத்திற்கு இருப்பிடமே’ என்று அழைக்கிறோம். வேறு சபைத் தோழி ஒருத்தி, “மரியாளைக் கடவுளாக்கிவிட்டீர்களே” என்று கேட்டபோது மனம் நொந்துபோனேன். அந்த ஞானம் கிறிஸ்துதான் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. அவர் வந்து தங்கிய இடம் அவருடைய தாய். அந்தத் தாயும் தொடக்கத்திலிருந்தே கடவுளின் திட்டத்தில் இருந்தவர் என்பதால் திருநாள் வழிபாட்டில் இந்தச் சொற்களை அவருக்கும் பொருத்தினார்கள். தோழிக்கு இதைப் புரியவைக்க ஒரு மாலை முழுக்கப் பேச வேண்டியிருந்தது. முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் கேட்டாள்.

மறுமொழி 2

ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டுக்கு முதன்முதலாகப் போனபோது, வேத வாசிப்புக்கு முன் “ஞானம்!” என்று திருத்தொண்டர் உரக்கச் சொன்னதும் திடுக்கிட்டேன். கவனியுங்கள் என்பதற்கான அழைப்பு அது. கன்னி மரியாள் திருநாள்களின் மாலை வழிபாட்டில், நீங்கள் சொல்லும் பகுதியை அடுத்து வரும் 9:1ஐ வாசிப்பார்கள்: ‘ஞானம் தன் வீட்டைக் கட்டி’. ஞானம் கிறிஸ்து, வீடு அவருடைய தாய். முந்தைய மறுமொழியில் அக்கா சொன்னதற்கு மிக அருகில்தான் இருக்கிறது, இல்லையா? கான்ஸ்டான்டினோபிளில் 537இல் திறக்கப்பட்ட ஹாகியா சோபியா பேராலயத்தின் பெயரே ‘தூய ஞானம்’ என்றுதான் பொருள்படும்.

மறுமொழி 3

எனக்கு நேர்ந்தது வேறு. யெகோவாவின் சாட்சிகள் இருவர் வீட்டுக்கு வந்து இதே 22ஆம் வசனத்தைக் காட்டி, இயேசு கடவுளின் முதல் படைப்பு என்றார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம் 7 முதல் 9 வரை ஒரே மூச்சில் வாசித்தேன். 7இல் தெருவில் மயக்கும் ஒரு பெண், 8இல் வாசல்களில் நின்று கூப்பிடும் ஞானம், 9இன் முடிவில் வாயாடியான மதியற்ற ஸ்திரீ. எல்லாம் வழிப்போக்கனை அழைக்கும் குரல்கள். முதலில் இது ஒரு கவிதை உருவகம், கிறிஸ்துவை அதில் காண்பது பின்னால் வந்த வாசிப்பு என்று நினைக்கிறேன். அதனால் அந்த வாசிப்பு பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஒரு வினைச்சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு குமாரன் யார் என்று தீர்க்க முடியாது.

தொடக்கப் பதிவர்

நன்றி தம்பி, 7ஆம் அதிகாரத்தோடு சேர்த்து வாசிக்க எனக்குத் தோன்றவே இல்லை. இன்னொன்று கிடைத்திருக்கிறது. 30ஆம் வசனத்தில் எங்கள் பழைய வேதாகமம் ஞானத்தைச் ‘செல்லப்பிள்ளை’ என்கிறது. வேறு மொழிபெயர்ப்புகள் கைதேர்ந்த தொழிலாளி என்கின்றன. அங்கேயும் ஒரே எபிரெயச் சொல்தான். கர்த்தருக்குப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்ததா, வேலை செய்துகொண்டிருந்ததா? நேற்று இரவு இரண்டு வேதாகமங்களையும் விரித்து வைத்து மனைவியோடு வாசித்தேன். அவள் தொழிலாளி பக்கம். நான் இன்னும் செல்லப்பிள்ளையை விடவில்லை.