மலை ஏரியில் கயாக்கில் இருந்தே மீன்பிடிக்க: நங்கூரம் போடுவதா, துடுப்புப் போட்டுக்கொண்டே போவதா?

தக்கை:
கரையில் நின்று தூண்டில் போட்டுப் பழக்கம் உண்டு, கயாக்கும் (துடுப்புப் போட்டு ஓட்டும் குறுகலான சிறு படகு) ஓரளவு வரும், ஆனால் இரண்டையும் சேர்த்துச் செய்ததில்லை. கோடையில் ட்ரவுட் என்கிற குளிர்நீர் மீன் இருக்கிற ஒரு மலை ஏரிக்குப் போகப்போகிறேன். விடிந்ததும் தண்ணீர் அசையாமல் கிடக்குமாம், முற்பகலுக்கு மேல் காற்று கிளம்பிவிடுமாம். இது தினமும் நடக்கிறதா? அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் மீனை எங்கே தேடுவது, ஒரே இடத்தில் நிற்பதா, சுற்றிக்கொண்டே இருப்பதா? இன்னொன்று, நன்றாக நீச்சல் தெரிந்தவனுக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயமா? வீசும்போது கைக்கு இடைஞ்சலாக இருக்கும் போலிருக்கிறதே.

மேல்கரை:
வானம் தெளிவாக இருந்தால் கிட்டத்தட்ட தினமும்தான். இரவில் மலைச்சரிவு குளிரும், கனத்துப்போன காற்று பள்ளத்தாக்குக்குள் இறங்கும். காலை வெயில் பட்டுச் சரிவு சூடானதும் காற்று திசை மாறி மேலே ஏற ஆரம்பிக்கும், இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற இடைவெளிதான் உங்களுக்கு. அதனால் எங்கிருந்து இறங்குகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். பகல் காற்று பெரும்பாலும் பள்ளத்தாக்கின் மேல்பக்கம் நோக்கி வீசும். ஓடை வந்து சேர்கிற மேல்கோடியில் இறங்கினால் திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும், தண்ணீர் வெளியேறும் கீழ்க்கோடியில் இறங்கினால் எதிர்க்காற்றில் துடுப்புப் போட வேண்டியிருக்கும், தண்ணீரில் சிற்றலை தெரிந்த உடனே கிளம்பிவிட வேண்டும். மதியத்துக்கு மேல் இடி மின்னலும் சேரலாம், தூண்டில் கம்பைப் பிடித்துக்கொண்டு ஏரி நடுவில் இருக்கிற நேரமா அது?

சுழல்தகடு:
நான் சுற்றுகிற கட்சி. ட்ரவுட்டுக்குச் சுமார் 10 முதல் 16 டிகிரி வரையிலான தண்ணீர் பிடிக்கும், 20ஐத் தாண்டினால் திணற ஆரம்பிக்கும். கோடையில் அதிகாலை மட்டும் அது கரையோரம் மேலே வந்து மேயும், வெயில் ஏறினால் ஆழத்துக்குப் போய்விடும். முதலில் ஓடை வந்து விழும் வாய்க்குப் போங்கள். குளிர்ந்த தண்ணீர், ஆக்ஸிஜன், அடித்துக்கொண்டு வரும் பூச்சி எல்லாம் அங்கேதான், மீனும் ஓட்டத்தை எதிர்த்து நின்று இரைக்குக் காத்திருக்கும். ஸ்பின்னரை, அதாவது இழுக்கும்போது தகடு சுழலும் செயற்கை இரையை, நேராக மீனின் தலையில் போடாமல் ஓட்டம் வரும் பக்கமாகக் கொஞ்சம் மேலே வீசி ஓட்டத்தோடு இறங்கி வரவிடுங்கள்.

அப்புறம், ஆழம் சட்டென்று இறங்குகிற விளிம்பை ஒட்டி, கம்பைத் தாங்கியில் செருகி, 20, 30 மீட்டர் தூண்டில் நரம்பை விட்டு, நடக்கிற வேகத்தில் துடுப்புப் போடுங்கள். ஒவ்வொரு தள்ளலுக்கும் ஸ்பின்னர் வேகம் கூடிக் குறைந்து வரும், மோட்டார் படகில் அது கிடைக்காது. வளைந்து திரும்பும் இடத்தில் கவனம், உள்பக்கம் நரம்பு தொய்ந்து இரை கீழே இறங்கும்போது கடி விழுவது அதிகம். துடுப்பைக் கயாக்கின் பக்கத்தில் மட்டும் இடிக்காதீர்கள், அந்தச் சத்தம் தண்ணீருக்குள் வெகுதூரம் போகும்.

ஈரக்கால்:
மீன் கிடக்கட்டும், அந்த லைஃப் ஜாக்கெட் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. கட்டாயம்! நீச்சல் தெரிவது வேறு விஷயம். மலை ஏரித் தண்ணீரில் திடீரென்று விழுந்தால் முதல் நிமிஷம் மூச்சு தானாக இழுக்கும், அப்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது. அந்த நிமிஷத்தைக் கடந்தாலும், மிகக் குளிர்ந்த தண்ணீரில் சுமார் பத்து நிமிஷத்தில் கை விரல் சொன்னபடி கேட்காது. காற்றின் சூட்டைப் பார்த்து உடுத்தாதீர்கள், தண்ணீரின் குளிரைப் பார்த்து உடுத்துங்கள், பருத்தி வேண்டவே வேண்டாம். கைக்குழி அகலமாக வெட்டிய மீன்பிடி ஜாக்கெட் கிடைக்கிறது, வீசுவதற்கு இடைஞ்சல் இல்லை.

தக்கை:
சரி, ஜாக்கெட் முடிவாகிவிட்டது. ஓடை வாயில் மட்டும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டுமென்றால் நங்கூரம் போடலாமா?

மேல்கரை:
போடலாம், ஆனால் முன்முனையிலோ பின்முனையிலோ மட்டும். பக்கவாட்டில் கட்டினால் ஓட்டமோ காற்றோ இழுக்கும்போது கயாக் சாய்ந்து கவிழும். இழுத்தால் உடனே அவிழ்கிற முடிச்சு, கைக்கு எட்டும் இடத்தில் கத்தி, இரண்டும் வேண்டும். போவதற்கு முன்னால் கரைக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே கவிழ்ந்து, வயிற்றால் எம்பி மறுபடி ஏறிப் பழகுங்கள், அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே.