மறு: நினைவணுவா, நினைவுச் செல்லா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

ஒருமுறை வந்த கிருமி மறுபடி வந்தால் விரைந்து எதிர்க்கும் நோயெதிர்ப்பு உயிரணுக்களை ஆங்கிலத்தில் memory cells என்கிறார்கள். அவற்றுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நம் குழுவில் பேசிவருகிறோம். முன்வைக்கப்பட்டவற்றில் ‘நினைவக உயிரணு’ வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நினைவகம் கணினித் துறையில் வேரூன்றிய சொல். எதையோ உள்ளே போட்டுவைத்துத் தேவைப்படும்போது எடுக்கும் இடம் என்ற பொருள் அதனுடன் ஒட்டிக்கொண்டே வரும். இங்கே உயிரணுவுக்குள் எதுவும் போட்டுவைக்கப்படுவதில்லை, உயிரணுவே வேறாகிவிடுகிறது.

டி செல், பி செல் இரண்டும் நோயெதிர்ப்பு வெள்ளையணுக்கள். கிருமி நுழையும்போது, அதற்குப் பொருந்தும் ஏற்பி (கிருமியை அடையாளம் காணும் மேற்பரப்புப் புரதம்) ஏற்கெனவே தற்செயலாக அமைந்திருக்கும் சில டி செல்களும் பி செல்களும் மட்டுமே தூண்டப்பட்டுப் பெருகுகின்றன. 1957இல் ஆஸ்திரேலிய அறிவியலாளர் பர்னெட் சொன்ன தேர்வுக் கொள்கை இதுதான். தொற்று அடங்கியதும், பெருகிய டி செல்களில் 90 முதல் 95 விழுக்காடு வரை மடிந்துபோகும். மிஞ்சியவற்றுக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம். அவற்றின் டிஎன்ஏ வரிசை மாறியிருக்காது. ஆனால் அது சுருண்டிருக்கும் விதம் மாறி, போரிடத் தேவையான சில மரபணுக்கள் திறந்தபடியே இருக்கும். மறுமுறை அதே கிருமி வந்தால் வேகம் கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பி செல்களில் வரிசையே மாறுகிறது. நிணநீர்க்கணுவில் பி செல்கள் பெருகும் பகுதியான முளைமையத்தில் ஏற்பியின் மரபணுவில் திடீர்மாற்றங்கள் நேர்ந்து, கிருமியை இறுகப் பற்றுபவை பிழைக்கின்றன, மற்றவை பெரும்பாலும் அழிகின்றன.

‘நினைவு’ என்ற பகுதியை மாற்றத் தேவையில்லை. தட்டம்மை வைரஸ் இந்த உயிரணுக்களைத் தாக்கிப் பழைய நோய்களுக்கு எதிரான பாதுகாப்பையும் குலைக்கிறது. தடுப்பூசி போடாத குழந்தைகள் தட்டம்மைக்குப் பின் தங்களிடமிருந்த எதிர்ப்பொருள் (கிருமியைப் பற்றிக்கொள்ளும் புரதம்) வகைகளில் 11 முதல் 73 விழுக்காடு வரை இழந்திருந்ததை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. அதை ‘நோயெதிர்ப்பு மறதி’ என்று தயங்காமல் எழுதலாம். நினைவு இருந்தால்தான் மறதிக்கும் இடமுண்டு.

‘அணு’ குழப்பும் என்று ஒருவர் எழுதியிருந்தார். குருதியணு, வெள்ளையணு, விந்தணு என்று எழுதுகிறோமே, அங்கே யாரும் இயற்பியலை நினைத்துத் தடுமாறுவதில்லை. ‘நினைவுச் செல்’ தவறில்லை. ஆனால் முன்னால் ஓர் அடை சேர்ந்ததும் அது நீண்டு சோர்கிறது. டி நினைவணு, பி நினைவணு என்பவை நாவில் எளிதாக நிற்கின்றன.

நேற்று வந்த ‘நெடுவாழ் நினைவணு’தான் எனக்கு உண்மையான சிக்கல். டி நினைவணு ஒவ்வொன்றும் பல்லாண்டு வாழ்கிறது என்று அந்த அடை சொல்லிவிடும். உண்மையில், ஐஎல்-7, ஐஎல்-15 ஆகிய சைட்டோகைன்களின் (உயிரணுக்களிடையே செய்தி கடத்தும் புரதங்களின்) துணையால் அவை உயிர்தாங்கி, எப்போதாவது பிளந்து, தம் இடத்தை நிரப்பிக்கொள்கின்றன. இதற்குக் கிருமி உடலில் எஞ்சியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆக, நீடிப்பது பெரும்பாலும் வழித்தோன்றல் வரிசைதான், தனி அணு அன்று.

பிளவுறாமலே ஆண்டுக்கணக்கில் இருப்பவை வேறு. எலும்பு மஜ்ஜையில் குடியேறி, ஓயாமல் எதிர்ப்பொருளைச் சுரக்கும் பிளாஸ்மா செல்கள் அவை. ‘நெடுவாழ்’ என்ற அடையை அவற்றுக்கே விட்டுவைப்போம். பி நினைவணு இப்படிச் சுரப்பதில்லை. அடுத்த தொற்றுக்காகக் காத்திருப்பது அதன் வேலை. இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டினால் படிக்கும் மாணவர் நிச்சயம் தடுமாறுவார். பெரியம்மைத் தடுப்பூசி போட்டவர்களை ஆராய்ந்தபோது, 75 ஆண்டுகள் வரை கடந்தும் எதிர்ப்பொருளின் அளவு பெரிதாகக் குறையவில்லை. டி செல்களோ 8 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்தன. 1918 இன்ஃப்ளுயன்சா கொள்ளைநோய்க்கு ஆளாகி உயிர்தப்பியவர்களின் குருதியில் அந்த வைரஸை அறியும் பி நினைவணுக்கள் ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்தும் இருந்தன. நினைவின் ஒவ்வொரு கூறும் தனிக் கணக்கில் நடக்கும்போது பெயரும் தனித்தனியாக இருக்கட்டும்.

தோலிலும் நுரையீரலிலும் குடலிலும் தங்கிவிடும் வகைக்கு ‘உறை நினைவணு’ என்றார்கள். உறைதல் என்றால் குளிரில் கட்டியாவதும் நினைவுக்கு வரும், உயிரணுக்களை உறையவைத்துப் பாதுகாக்கும் துறையில் இது பெருங்குழப்பம் ஆகும். நீர்வாழ், நிலவாழ் என்ற போக்கில் ‘திசுவாழ் நினைவணு’ என்று வைக்கலாம். குருதியில் சுற்றாமல் அங்கேயே வாழ்கிறது என்ற செய்தியும் அதில் வந்துவிடுகிறது.

என் வாக்கு: நினைவணு, திசுவாழ் நினைவணு, நெடுவாழ் பிளாஸ்மா செல். கடைசிச் சொல்லில் ‘பிளாஸ்மா செல்’லுக்குப் பதில் ‘சுரப்பணு’ என்று வைத்தால் சுரப்பிகளின் உயிரணுக்களோடு கலந்துவிடுமா? இதில் எனக்கு ஐயம் இருக்கிறது, உடலியங்கியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.