அவசரம்: வீணை பேட்ச் கிட்டார் மாதிரியே கேட்கிறது

அனுமந்தரம்:
வணக்கம். பிசிகல் மாடலிங் சிந்தில் (தந்தி அதிர்வதைக் கணக்குப் போட்டு ஒலி தரும் சாஃப்ட்வேர்) வீணை பேட்ச், அதாவது வீணை ஒலிக்கான செட்டிங், செய்துகொண்டிருக்கிறேன். எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று, கிட்டார் மாதிரியேதான் கேட்கிறது. கமகம் இழுத்தால் பாதியில் நின்றுவிடுகிறது. நாளை மதியம் டிராக் அனுப்ப வேண்டும். யாராவது சொல்லுங்களேன்.

டிலேலைன்:
எந்த சாஃப்ட்வேர்?

ஸ்டுடியோ தம்பி:
"எல்லாம்" என்றால் என்னென்ன அண்ணா? கமகம் சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் வீலிலா, வேறு எதிலாவதா? பத்து வினாடி ஆடியோ போட்டாலே பாதி புரிந்துவிடும்.

பலாக்குடம்:
தந்தியின் மெட்டீரியல்தான் பிரச்சினை, சந்தேகமே வேண்டாம். நைலான் பக்கம் இருந்தால் கிட்டார்தான் வரும். ஸ்டீல் பக்கம் தள்ளுங்கள்.

அலைவழி:
இதே கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது. தேடிவிட்டுக் கேட்கலாம். தந்தி ஒலியைக் கணினியில் உண்டாக்குவது பற்றி கார்ப்ளஸும் ஸ்ட்ராங்கும் 1983-இல் எழுதிய கட்டுரையைப் படித்தவருக்கு இந்தச் சந்தேகமே வராது. துளி இரைச்சலை ஒரு டிலே லூப்பில் (ஒலியைத் தாமதித்துத் திரும்பத் திரும்பச் சுற்ற விடுவது) விட்டு, சுற்றுக்குச் சுற்று அடுத்தடுத்த இரண்டு சாம்பிள்களின் (ஒலியின் அளவுப் புள்ளிகளின்) சராசரியை எடுத்தால் மீட்டிய தந்தி தயார். அடிப்படை தெரிந்த பிறகு குமிழைத் திருப்புங்கள்.

டிலேலைன்:
சார், அந்த லூப் தருவதே கிட்டாரைத்தானே! வீணையின் விஷயம் தந்தியைத் தாங்கும் குதிரையில் இருக்கிறது. அதன்மேல் லேசாக வளைந்த உலோகத் தகடு. தந்தி அதிரும்போது அந்த வளைவில் படிந்து படிந்து எழுகிறது. மேல் ஹார்மோனிக்குகள் (அடிப்படை அதிர்வின் மடங்குகள்) அங்கேதான் பிறக்கின்றன. சாதாரணத் தந்தியை நட்டநடுவில் மீட்டினால் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் வரக் கூடாது. வீணையிலும் தம்புராவிலும் வருகின்றன என்று சி. வி. ராமன் கல்கத்தாவில் இருந்த காலத்தில், 1921-லேயே எழுதிவிட்டார். அனுமந்தரம், சாஃப்ட்வேர் பெயர்?

பலாக்குடம்:
தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஜீவா நூல் உண்டு. வீணையில் நூல் ஏது? இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

டிலேலைன்:
நூல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வளைவு இரண்டிலும் இருக்கிறது. நான் சொன்னது வளைவை.

ஸ்வரக்கோவை:
எதற்கு இத்தனை பாடு? வீணை வாசிக்கிறவரை உட்கார வைத்து ஒவ்வொரு சுரமாகப் பதிவு செய்து சாம்பிள் எடுத்தால் வேலை முடிந்தது.

ஸ்டுடியோ தம்பி:
சாம்பிளின் சுருதியை ஏற்றினால் வீணைக் குடத்தின் ஒத்ததிர்வும் கூடவே ஏறுமே. தந்தியை இழுத்தால் குடமே சின்னதாகிவிட்ட மாதிரி கேட்கும். மாடலில் தந்தி வேறு, உடல் வேறு.

ஸ்வரக்கோவை:
அப்படியானால் கமகத்தோடு சேர்த்தே சாம்பிள் எடுங்கள்.

பலாக்குடம்:
எந்த ராகத்துக்கு? தோடி காந்தாரத்தை எடுத்துக் காபியில் வைப்பீர்களா?

ஸ்வரக்கோவை:
சினிமாப் பின்னணிக்கு இவ்வளவு பார்ப்பதில்லை.

பலாக்குடம்:
அதுதான் கேட்கிறதே!

அனுமந்தரம்:
மேக்கில் லாஜிக், அதிலுள்ள ஸ்கல்ப்ச்சர் சிந். ஒரு கிட்டார் ப்ரீசெட்டில் ஆரம்பித்தேன். பிட்ச் வீல்தான். ஸ்டீல் பக்கம் தள்ளிப் பார்த்தேன், ஸ்டீல் கிட்டார் ஆகிவிட்டது.

டிலேலைன்:
அப்பாடா. அந்த ப்ரீசெட்டின் பாடி ஈக்யூவில் (வாத்திய உடலின் ஒலியைத் தரும் பகுதி) கிட்டார் மாடல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பிறகு ஆப்ஜெக்ட் 3. அது தந்தியை மீட்டாது, அதிர்வில் குறுக்கிட மட்டும் செய்யும். நமக்கு வேண்டியதும் அதுதான். வகையை பவுண்ட் (தந்தியின் அசைவுக்கு எல்லை போடுவது) என்று வைத்து, இடத்தைத் தந்தியின் ஓரத்துக்கு நகர்த்துங்கள். ஸ்ட்ரெங்த்தைக் காதால் கேட்டுக்கொண்டே மெல்லத் திருப்புங்கள், எல்லை மீறினால் தகர டப்பா. பவுண்ட் பிடிக்காவிட்டால் பவுன்சிங்.
கமகம் நிற்பது பெண்டர் ரேஞ்சால் (பிட்ச் வீல் எட்டும் தூரம்) இருக்கும், 2 செமிடோனில் (அரைச்சுரம்) கிடக்கிறதா பாருங்கள். வீணையில் ஒரே மெட்டில் நாலு, ஐந்து அரைச்சுரம் வரை இழுப்பார்கள். 5 வையுங்கள். கீபோர்டு மோடு லெகாட்டோ, சுரங்கள் ஒட்டி வரும்.

அலைவழி:
ஸ்கல்ப்ச்சர் 2004-இல் வந்தது. இன்னமும் அதைக் கட்டிக்கொண்டு அழுவானேன்? தந்தியில் ஓடும் அலையைக் கணக்கிடும் வேவ்கைடு லூப்பை நாமே எழுதிக்கொள்ளலாம், நூறு வரி கூட ஆகாது.

ஸ்டுடியோ தம்பி:
சார், அவருக்கு நாளை மதியம் கெடு.

அலைவழி:
அடிப்படை தெரியாமல் கெடுவை ஒப்புக்கொண்டால் இப்படித்தான்.

அனுமந்தரம்:
பவுண்ட் சரியாக வந்தது. ரேஞ்ச் 5. டிராக் போய்விட்டது, நன்றி.

பலாக்குடம்:
பக்கவாட்டில் இருக்கும் தாளத் தந்தி மூன்றையும் எப்படி வைத்தீர்கள்? அதற்குத் தனியாக ஒரு ஸ்கல்ப்ச்சரா? பேட்சைப் போடுங்கள்.

ஸ்வரக்கோவை:
நான் சொன்ன சாம்பிள் வழியில் இந்தக் கேள்வியே வராது. தாளத் தந்தியும் சேர்ந்தே பதிவாகிவிடும்.

பலாக்குடம்:
எந்தச் சுருதியில்?